வல்லினம் மிகா இடம்

ஜூலை 3, வியாழன்

இரத்த அழுத்தம் 160/100. எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு முறை பார்த்துக்கொள்வது வழக்கம். சென்ற மாதத்திலிருந்து வாரம் இரு முறை. கருவியின் துல்லியத்தை உறுதிசெய்ய ஒரு முறை போதாது என்பதே காரணம்.

டாக்டர் எப்சிபா மாத்திரையைக் கூட்டவில்லை. "வீட்ல யார் யார் இருக்கீங்க சார்?" என்று கேட்டார்.

"நான் இருக்கிறேன்."

"அதில்ல சார். கூட?"

மனைவி செண்பகவல்லி, மகளின் பிரசவத்துக்காகப் புனே போயிருப்பதைச் சொன்னேன்.

"எப்ப டெலிவரி?"

"நவம்பரில்."

டாக்டர் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். "வர்ற நவம்பரா?"

"போன நவம்பர்."

அவர் தனித்தாள் ஒன்றை எடுத்து எதையோ எழுதினார். முறைப்படி மகள்தான் பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டும். எங்கள் குடும்பத்தில் தாய், மகள் வீட்டுக்குப் போனாள். மதுரை வெயில் குழந்தைக்கு ஆகாது என்று அப்போது காரணம் சொல்லப்பட்டது. நவம்பரில் மதுரையில் மழை. நான் அதைச் சுட்டிக்காட்டினேன். பயனில்லை.

ஜூலை 4, வெள்ளி

ரசத்தில் உப்பு இரண்டு முறை விழுந்தது. சாப்பிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

மருத்துவக் கல்லூரி மாணவர் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். பெனாசிர் என்ற பெண், லிங்கேஷ் என்ற பையன், இறுதியாண்டு. டாக்டர் எப்சிபா அனுப்பினாராம். அந்த நிலையத்தில் ஒரு திட்டத்தைத் தொடங்குகிறார்கள். தூக்கம் வராதவர்களுக்கும் காரணம் தெரியாத முதுகுவலிக்காரர்களுக்கும், சீட்டில் மாத்திரைக்குப் பதிலாக மனிதர்களை எழுதிக்கொடுப்பது. பூங்காவில் கேரம், பள்ளிக்கூடத்தில் தோட்ட வேலை, ஞாயிறு காலை நடை, இப்படி. பிரிட்டனில் ஏற்கெனவே நடக்கிறதாம்.

"பிரிட்டனில் மனிதர்களுக்குத் தட்டுப்பாடு, சீட்டு வேண்டியிருக்கும். மதுரையில் டவுன் பஸ்ஸில் ஏறினால் போதுமே" என்றேன்.

"பஸ்ல கூட்டம் இருக்கு சார்" என்றாள் பெனாசிர். "ஆனா ஒருத்தரும் பேசுறதில்ல. எல்லாரும் போனத்தான பாக்குறாங்க."

"இங்கிலீஷ்ல இதுக்குப் பேரு சோஷியல் பிரிஸ்க்ரைபிங் சார்" என்றான் லிங்கேஷ். "தமிழ்ல ஒரு பேரு வேணும். சார் முப்பது வருசம் கவர்மெண்ட்ல மொழிபெயர்ப்பு பாத்தவருன்னு டாக்டர் சொன்னாங்க."

உண்மைதான். அரசுக்கு நான் ஆக்கித் தந்த சொற்கள் பல. அவற்றுள் சில பயன்பாட்டிலும் உள்ளன. ஆலோசகர் என்ற முறையில் உதவச் சம்மதித்தேன்.

"தெனம் சாயங்காலம் வந்து ஒரு மணி நேரம் டிஸ்கஸ் பண்ணலாமா சார்?" என்று கேட்டான் லிங்கேஷ். ஒரு சொல்லுக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கும் இளைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஜூலை 10, வியாழன்

மூன்று மாலைகள் விவாதித்தோம். நான் பேசினேன், அவர்கள் தேநீர் குடித்தார்கள். நிராகரித்தவை: 'சமுதாய மருந்தீடு' (மருந்தீடு என்றால் நம் ஊரில் சோற்றில் வசியம் வைப்பது), 'கூட்டுறவு மருத்துவம்' (மக்கள் பையோடு வந்து நிற்பார்கள்). இறுதியில் 'சமூகப் பரிந்துரை'. ஐயத்துக்கு இடமே இல்லாத சொல்.

செண்பகத்திடமிருந்து வாட்ஸ்அப்: "உடம்ப பாத்துகோங்க. மாத்திரை போட்டிங்ளா". "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வேற்றுமை விரியில் வல்லினம் மிகும்" என்று பதில் எழுதினேன். மாத்திரை போட்டதைக் குறிப்பிட விட்டுப்போயிற்று. இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. மேற்கொண்டு பதில் இல்லை. புனேயில் மின்வெட்டு அதிகம் என்கிறார்கள்.

ஜூலை 16, புதன்

நிலையத்தின் வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். 'இங்கு சமூகப் பரிந்துரை இலவசமாக வழங்கப்படும்.' நேரில் போய்ப் பார்த்தேன். 'ப்' தெளிவாக விழுந்திருந்தது.

ஜூலை 17, வியாழன்

காலையில் போனபோது வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை. பெனாசிருக்கு மகிழ்ச்சியில் கண் கலங்கிவிட்டது. லிங்கேஷ் வரிசையைப் படமெடுத்துப் பேராசிரியருக்கு அனுப்பினான். அனுப்பியிருக்க வேண்டாம்.

முதலில் நின்ற பெண்மணியின் பெயர் இன்னாசியம்மாள். கையில் பிளாஸ்டிக் உறை.

"என்னம்மா பண்ணுது ஒங்களுக்கு?" என்று பெனாசிர் கேட்டாள்.

"எனக்கு என்ன பண்ணுது, நல்லாத்தான் இருக்கேன். மகனுக்கு காலேஜ் சீட்டுக்கு கம்யூனிட்டி சர்டிபிகேட் வேணும், இழுத்தடிக்கிறாக. இங்கிட்டு சமூகத்துக்குப் பரிந்துரை குடுக்குறீகளாம்ல? ரேசன் கார்டு, டீசி எல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டாந்துட்டேன்."

"அது இல்லம்மா. இது ஹெல்த்துக்கு..."

"ஹெல்த்துக்கும் சாதி கேக்க ஆரம்பிச்சுட்டாகளா?"

வரிசை முழுவதும் ஜெராக்ஸ். 'சமூகம்' என்ற சொல்லுக்கு மக்கள்திரள் என்று அகராதி பொருள் தருகிறது. வரிசையில் நின்ற எவரிடமும் அகராதி இல்லை. "நீங்க என்ன சமூகம்?" என்ற கேள்விக்குப் பிறந்ததிலிருந்து பதில் சொல்லி வருபவர்கள் அவர்கள். நானும்தான். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்பதை ஆராய வேண்டும்.

ஜூலை 18, வெள்ளி

ஒரு சங்கத்தின் செயலாளர் வந்தார். பெயர் தங்கமாரியப்பன், தோளில் கரைபோட்ட துண்டு. எந்தச் சங்கம் என்பதை எழுதவில்லை. எழுதினால் மற்றச் சங்கங்கள் இந்த நாட்குறிப்பிலும் இடம் கேட்கும்.

"நேத்து அந்த ஆளுகளுக்கு எத்தன குடுத்தீங்க தம்பி?"

"யாருக்கும் குடுக்கல சார்" என்றான் லிங்கேஷ்.

"அப்பச் சரி. முந்திக்கிறோம். எங்களுக்கு ஒரு அம்பது போடுங்க."

"ஐயா, இது கேரம் விளையாடுறதுக்கும் வாக்கிங் போறதுக்கும் எழுதிக் குடுக்குறது" என்று பெனாசிர் விளக்கினாள்.

அவர் துண்டைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். "எங்க ஆளுக கேரம் விளையாடணும், அவிங்களுக்கு மட்டும் சர்டிபிகேட்டா?"

பிற்பகலில் இன்னும் இரண்டு சங்கங்கள் வந்தன. ஒன்று, ஃப்ளெக்ஸில் தங்கள் தலைவர் படம் ஏன் இல்லை என்று கேட்டது. இன்னொன்று, வேறெவர் படமும் இல்லாததை உறுதிசெய்துகொண்டு போயிற்று.

ஜூலை 19, சனி

பேராசிரியர் தொலைபேசியில் லிங்கேஷிடம் பேசியது எனக்கே கேட்டது. அவன் காதிலிருந்து கருவியைத் தள்ளிப் பிடித்திருந்தான். ஃப்ளெக்ஸ் இன்றே இறங்க வேண்டும். ஆகஸ்ட் பத்துக்குள் உண்மையான நோயாளிகள் பத்துப் பேர் சேராவிட்டால் திட்டத்தை மூட வேண்டும்.

"பேரு நீங்க வெச்சது சார்" என்றாள் பெனாசிர். "வாசல்ல டேபிள் போட்டுத் தர்றோம். வர்றவங்ககிட்ட நீங்களே ஒக்காந்து சொல்லுங்க. எங்கள அடிக்க வர்றாங்க."

சொல்லாக்கியவன் என்ற பொறுப்பில் ஒப்புக்கொண்டேன். வீட்டில் வேறு வேலை இருந்தது. என்ன வேலை என்று இப்போது நினைவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

இன்னாசியம்மாள் மறுபடி வந்தாள். சான்றிதழ் இன்னும் வரவில்லை. அது இங்கே வராது என்று விளக்கினேன். விளங்கியது என்றாள், ஆனால் எழுந்து போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரி துணி துவைத்த தண்ணீரைத் தன் வாசலில் விடுவது பற்றிப் பேசத் தொடங்கினாள். பேச்சு வாசலிலிருந்து நாத்தனாருக்குப் போய், அங்கிருந்து துபாயில் இருக்கும் கணவரிடம் போயிற்று. ஆறு மாதமாக இரவில் தூக்கமில்லை என்பது அதற்குள் எங்கோ வந்தது. பெனாசிர் குறித்துக்கொண்டாள்.

நடுவில் அவள் "வாய்க்கா தகராரு" என்றபோது 'தகராறு, வல்லின றகரம்' என்று சொன்னேன். காதில் விழும் வேறுபாடுதான். சற்றுப் பொறுத்து, 'சாக்கடை, சாக்கட அல்ல'.

அவள் நிறுத்தினாள். "சார், நான் சொல்றதக் கேக்குறீகளா, இல்ல திருத்துறீகளா?"

இதே கேள்வியை முன்பும் ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் சமையலறையில், சென்ற அக்டோபரில். அன்று நான், "'கேக்குறீங்களா' அல்ல, 'கேட்கிறீர்களா'" என்று பதில் சொன்னேன். மறுவாரம் புனேக்குப் பயணச்சீட்டு எடுக்கப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகச் சான்று ஏதும் இல்லை.

இன்னாசியம்மாளிடம், "கேட்கிறேன், சொல்லுங்கள்" என்றேன். மிச்சத்தையும் சொன்னாள். பிழைகள் ஏராளம். அவள் போன பிறகு என் அழுத்தம் பார்த்தேன்: 150/94.

ஜூலை 25, வெள்ளி

"ஆறு பேரு சேந்துட்டாங்க சார்!" என்றான் லிங்கேஷ்.

என் கணக்கில் ஐந்துதான். இன்னாசியம்மாள், முதுகுவலித் தையல்காரர், அழுகை நிற்காத பள்ளி ஆசிரியை, பார்வை குறைந்த தம்பதியர். "ஆறாவது யார்?" என்று கேட்டேன்.

பெனாசிர் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள். மேசை ஆடியது.

"ஆறாவது இல்ல சார்... மொதல் ஆளு" என்றான் லிங்கேஷ். "நீங்கதான். மூணாந் தேதியே டாக்டர் எழுதிக் குடுத்துட்டாங்க."

"என்ன எழுதினார்?"

"இவருக்கு ஒரு வேலை கொடுங்கள். வாயைத் திறந்து பேச வேண்டிய வேலையாக இருக்கட்டும்னு."

"அப்படியானால் தமிழில் பெயர் தேவைப்படவில்லையா?"

"தேவதான் சார், சத்தியமா" என்றாள் பெனாசிர்.

"தேவதான்" என்றான் லிங்கேஷ். "ஆனா ஒரு மணி நேரம்ங்கிறது டோஸு."

பெனாசிர் மறுபடி மிதித்தாள்.

ஆக, சமூகப் பரிந்துரை என்ற சொல்லே ஒரு சமூகப் பரிந்துரையின் பேரில் பிறந்திருக்கிறது. இப்படியொரு பிறப்புள்ள சொல் தமிழில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. ஆலோசகர் என்று நினைத்து உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 26, சனி

போகவில்லை.

ஜூலை 28, திங்கள்

போகவில்லை. மருந்துக்கடையில் அழுத்தம் பார்த்தேன். 170/104. கடைக்காரர் கையைத் தொடாமலேயே பட்டையைச் சுற்றிவிடுகிறார். திறமைதான்.

பெனாசிர் இருமுறை அழைத்தாள். எடுக்கவில்லை.

ஜூலை 31, வியாழன்

இன்று யாரிடமும் பேசவில்லை. பால்காரர் பாக்கெட்டைக் கதவில் மாட்டிவிட்டுப் போவதால் தேவை எழவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

பெருங்காய டப்பா எங்கே என்று கேட்கச் செண்பகத்தை அழைத்தேன். பெருங்காய டப்பா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"ரெண்டாந் தட்டுல, மஞ்சத்தூளுக்குப் பின்னால. போன வாரமும் இதத்தான கேட்டீங்க?"

"போன வாரம் கேட்டது வெந்தயம்."

"சரி. வேறென்ன?"

வழக்கமாக இந்த இடத்தில் வேறொன்றும் இருக்காது. இன்று வரிசையைப் பற்றிச் சொன்னேன். ஜெராக்ஸ் பற்றி, தங்கமாரியப்பன் ஐம்பது கேட்டது பற்றி, கேரம் பற்றி. மறுமுனையில் சத்தமில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகுதான் அது சிரிப்பு என்று விளங்கியது. மூச்சு விட முடியாமல் சிரித்தால் சத்தம் வராது. "ஏய் யாழினி, இங்க வாடி! ஒங்கப்பா ஊர்ல இருக்குற அத்தன சங்கத்தையும் ஆஸ்பத்திரி வாசல்ல கூட்டிட்டாரு!" என்று மகளைக் கூப்பிட்டாள். பிறகு என்னிடம், "அப்புறம்?" என்றாள்.

அப்புறம் என்று அவள் கேட்டு நெடுநாளாயிற்று. அதனால் முதல் நோயாளி நான்தான் என்பதையும் சொல்லிவிட்டேன்.

சிரிப்பு நின்றது. "ஒங்களுக்கா? பேசுறதுக்கா எழுதிக் குடுத்தாங்க?"

"ஆம்."

"போறத நிறுத்திட்டீங்களாக்கும்."

"ஆம்."

"போங்க" என்றாள். சற்றுப் பொறுத்து, "அதுக்கு எதுக்கு அம்புட்டுப் பெரிய பேரு? பேச்சுத் தொணைன்னு வச்சா எல்லாருக்கும் புரிஞ்சிட்டுப் போகுது."

அந்தச் சொல்லில் 'பரிந்துரைத்தல்' என்ற கருத்து விடுபடுகிறது; 'மருத்துவம்' அறவே இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. பத்து நிமிடம் கழித்து வாட்ஸ்அப் வந்தது: "பேச்சு துணை. போய் குடுங்க".

பேச்சுத் துணை. வல்லினம் மிகும். 'போய்க் கொடுங்கள்' என்பதிலும் மிகும். 'த்' என்று அடித்தேன். அழித்தேன். "சரி" என்று அனுப்பினேன். கைப்பேசியில் சார்ஜ் குறைவாக இருந்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

போனேன். என் நாற்காலியில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. மேசையில் என் கண்ணாடிக் கூடு வைத்த இடத்திலேயே இருந்தது.

"சாரி சார்" என்றான் லிங்கேஷ். அவன் எதற்கு மன்னிப்புக் கேட்கிறான் என்று நான் விசாரிக்கவில்லை. புதிய பெயர் இருக்கிறது என்றேன். பெனாசிர் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். "எங்கம்மா இதத்தான் சொல்லும் சார். பேச்சுத் தொணைக்கு ஆளில்லம்பாங்க. நீங்க கண்டுபிடிச்சதா?"

"இல்லை. என் மனைவி."

நான் காட்டிய வாட்ஸ்அப் செய்தியில் இருந்த பெயரை லிங்கேஷ் அப்படியே ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டான். மாலையில் மாதிரி வந்தது. மஞ்சள் பின்னணியில் பெரிய எழுத்து: 'பேச்சு துணை'. கீழே, 'உள்ளே வாங்க.'

"எழுத்தெல்லாம் சரியா சார்? பிரிண்டுக்குப் போகலாமா?"

முப்பது ஆண்டுகளாகத் 'திருத்தி அனுப்புக' என்று மட்டுமே எழுதிய கை இது. மாதிரியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சின்னதாக்கியும் பார்த்தேன்.

"அச்சிடலாம்" என்றேன். கடைக்காரர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஜெராக்ஸோடு எவரும் வரவில்லை. எட்டுப் பேர், ஒன்பது பேர் என்று பெனாசிர் எண்ணிக்கொண்டிருந்தபோது தங்கமாரியப்பன் வந்தார். மாணவர்கள் இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர் நேரே வந்து என் எதிரில் உட்கார்ந்து, தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இது எல்லாருக்குமா?"

"எல்லோருக்கும்."

"சங்கத்துல முந்நூறு பேரு இருக்கான் சார். மேடையேறுனா கை தட்டுவான். போட்டோவுல ஒட்டிக்கிட்டு நிப்பான். கண்ணு ஆபரேசன் பண்ணிட்டு ஒரு மாசமா வீட்ல கெடந்தேன், ஒருத்தன் எட்டிப் பாக்கல."

எந்தக் கண் என்று கேட்டேன். சொன்னார். அரை மணி நேரம் சொன்னார்.

பத்தாவது ஆள் அவர்தான். பிற்பகலில் இன்னாசியம்மாள் அவரைக் கேரத்தில் தோற்கடித்தாள். "செவப்பக் கையில குடுங்கண்ணே, அழாதீக" என்றாள். எந்தச் சங்கமும் புகார் தரவில்லை. அவள் மகனுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டதாம்; அதற்கும் எங்களுக்கும் தொடர்பில்லை என்று எவ்வளவு சொல்லியும் நம்ப மறுக்கிறாள். தெருவிலும் சொல்லியிருக்கிறாள். திங்கட்கிழமை மறுபடி வரிசை வரலாம்.

140/90.

ஆகஸ்ட் 14, வியாழன்

வாட்ஸ்அப்: "ஞாயித்துகிழமை காலைல வரேன். ஆட்டோ வச்சி ஸ்டேசன் வந்துருங்க".

பிழைகளை எண்ணினேன். எண்ணுவது திருத்துவதாகாது.

"வரேன்" என்று பதில் எழுதினேன். எழுதிய பிறகுதான் கவனித்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

வீடு துடைத்தேன். சமையலறைத் தட்டுகளில் எதையும் இடம் மாற்றவில்லை. திரைச்சீலை துவைத்துப் போட்டேன், காயவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

செண்பகம் போகும்போது கொண்டுபோனவை இரண்டு பெட்டிகள். வந்தது ஒன்று, சின்னது. இன்னொன்று எங்கே என்று நான் கேட்கவில்லை. இளைத்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன். அவள் என்னைப் பார்த்து அதையே சொன்னாள்.

ஆட்டோவில் பாதி வழியில் அவளாகவே, "பெரிய பெட்டி அங்கயே இருக்கு. பாப்போம்" என்றாள்.

"பார்ப்போம்" என்றேன்.

சட்டென்று திரும்பினாள். "என்னது?"

"திருத்தவில்லை. நானும் அதையேதான் சொன்னேன்."

சிறிது நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு வெளியே பார்த்து, "பாலத்துக்குக் கீழ அந்த இட்லிக் கடைய எடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நான் அந்தப் பக்கம் போய் மாதங்களாகின்றன என்றேன். "தனியா இருக்குற ஆளு, ரெண்டு இட்லி வாங்கித் திங்கக்கூட அந்தப் பக்கம் போகலையா?" என்றாள். அவள் கேட்ட விதத்தில் பிழை எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தனக்கும் அழுத்தம் பார்க்க வேண்டும் என்று கூடவே கிளம்பினாள். டாக்டர் எப்சிபா வர இன்னும் நேரமிருந்தது. வாசலில் நின்று ஃப்ளெக்ஸை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். தன் சொல்லை மஞ்சள் பின்னணியில் ஆள் உயரத்துக்கு எழுதிப் பார்ப்பது எவருக்கும் தினமும் வாய்ப்பதில்லை. உள்ளிருந்து இன்னாசியம்மாளின் குரல் கேட்டது. தங்கமாரியப்பன் மறுபடி தோற்றுக்கொண்டிருந்தார்.

"ஏங்க" என்றாள் செண்பகம். "பேச்சுக்கும் துணைக்கும் நடுவுல ஒரு 'த்' வராது?"

"வரும்."

"நீங்க பாக்கலையா?"

"பார்த்தேன்."

அவள் ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்து, பையை மடியில் எடுத்து வைத்துப் பக்கத்தில் இடம் விட்டாள். உட்கார்ந்தேன். யாழினியின் குழந்தைக்குப் பல் முளைத்த கதையைச் சொல்லத் தொடங்கினாள். அது நீளமான கதை.

இன்று அழுத்தம் பார்க்கவில்லை. மறந்துவிட்டது.